கூறைப் புடவையில் வெடிகுண்டு

காமாட்சி அம்மன் துணை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
12-12-2003

தென்னேரி பெரிய வீட்டு உயர்திரு இளங்கோவன் சம்பந்தி அவர்கள் சமூகத்திற்கு, காஞ்சிபுரம் தறிக்கார முருகேசன் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. அம்மன் அருளால் இங்கே நானும் என் சம்சாரம் தில்லையம்மாளும் உங்கள் வருங்கால மாப்பிள்ளை இளவரசனும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. உங்கள் சுகமும், உங்கள் வீட்டம்மா தங்கச்சி மங்கையர்க்கரசி சுகமும், எங்கள் மருமகள் ஏலவார்குழலியின் சுகமும், இந்த மழைக்கு ஏரி நிரம்பி வழிந்து கோடி போனதா என்பதும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். உங்கள் வீட்டுப் போன் கூடத்துக்கு நடுவில் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை பேசினால் நாலு பெண்டுகள் காதில் விழும். அதனால் இதை நீங்கள் மட்டும் கழனிப் பக்கம் கொண்டுபோய்ப் படிக்கவும். விஷயம் இதுதான்: நல்ல நாள் பார்த்துத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தோமே, தை மாசம் முகூர்த்தத்துக்கு உங்கள் மகள் கட்ட வேண்டிய கூறைப் புடவை, அதை இந்த நிமிஷமே மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டவும். இனி யாருக்கும் விரித்துக் காட்ட வேண்டாம். முக்கியமாக, ரவிக்கைத் துணியில் கத்தரி படவே கூடாது, சம்பந்தி, உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் என் மகனைப் பற்றிச் சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்க வந்தபோது, பையனுக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா என்று நீங்கள் கேட்டீர்கள். சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை என்று நான் சொன்னது சத்தியம். பழைய டிவி கேம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. டிவியில் மாட்டி, கேசட் செருகி விளையாடுவார்களே, வாத்து சுடுவது, டாங்கி சண்டை, மேலேயிருந்து செங்கல் விழ விழ அடுக்குவது, அந்தக் கர்மம்தான். மற்றப் பிள்ளைகள் எல்லாம் மீசை முளைத்ததும் அதைத் தூக்கிப் போட்டார்கள். இவன் மீசை முளைத்த பிறகு சேர்க்க ஆரம்பித்தான். பர்மா பஜாரில் ஒன்று, பழைய பேப்பர் கடையில் ஒன்று என்று பொறுக்கிக்கொண்டு வந்து, பஞ்சு வைத்துத் துடைத்து, வாயால் ஊதி, ஒவ்வொன்றையும் கவர் போட்டு அடுக்கி வைத்திருக்கிறான். அறைக்குள் கால் வைக்க இடமில்லை. “வித்துத் தொலைடா” என்றால், “இதெல்லாம் அழிஞ்சிக்கினு வருதுப்பா, யாராவது காப்பாத்தணும்” என்பான். கோயில் கல்வெட்டைப் படியெடுக்க வந்த ஆபீசர் கணக்காக அவன் பேசும் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் தில்லையம்மாள் வேறு, மத்தியானச் சாப்பாடு முடிந்தால் அந்தச் செங்கல் ஆட்டத்தில் உட்கார்ந்துவிடுவாள். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்தேன் என்று வரக்கூடாது.

நிச்சயம் முடிந்த வாரம், ஒட்டடை அடிக்க அவன் அறைக்குப் போனேன். பீரோ மேல் ஒரு காக்கிக் கவர். பிரித்தேன். உள்ளே கிராஃப் பேப்பர், சம்பந்தி! கட்டம் கட்டமாக வண்ணம் வைத்து, பக்கம் பக்கமாக டிசைன். உங்களுக்கு நெல் தெரியும், எங்கள் தொழிலும் தெரிந்துகொள்ளுங்கள்: புடவையில் வருகிற மயிலும் மாங்காயும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கும். ஒரு கட்டம் ஒரு இழை. அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டு, அந்த அட்டையைத் தறிக்கு மேலே கட்டினால் டிசைன் தானாகத் துணியில் இறங்கும். காஞ்சிபுரத்தில் ஒரு பிள்ளை கிராஃப் பேப்பரில் வண்ணம் வைத்தால், அது புடவையைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தறிப் பக்கமே எட்டிப் பார்க்காத பயல், கட்டிக்கொள்ளப் போகிறவளுக்காக மெட்ராஸில் உட்கார்ந்து கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறான், கூச்சத்தில் அப்பனிடம் சொல்லவில்லை என்று நினைத்தேன்.

டிசைனும் லேசுப்பட்டது இல்லை. பல்லைக் காட்டிக்கொண்டு, துதிக்கையை நீட்டிக்கொண்டு ஒரு பெரிய யாளி. இதை முந்தானைக்கு எடுத்துக்கொண்டேன். உருண்டையாக, மேலே தேங்காய் வைத்த மாதிரி கலசம். இறக்கை விரித்த அன்னம். படிப்படியாக ஏறும் கோபுரம். இவையெல்லாம் பார்டர். குட்டி குட்டியாக மல்லி மொக்கு, அது உடம்பு முழுக்க. ஓர் ஓரத்தில் கதவு மாதிரி ஒன்று இருந்தது, அதை ரவிக்கைத் துணிக்குத் தள்ளினேன். நிறைய இடத்தில் கருப்பு போட்டிருந்தான். கல்யாணப் புடவையில் கருப்பு எதற்கு, சின்னப் பையன், விவரம் பத்தாது என்று அத்தனையையும் கிளிப்பச்சையாக மாற்றினேன். வேறு ஆளைத் தறியில் உட்கார விடவில்லை, நானே நெய்தேன். முடித்ததும் எங்கள் வீட்டு வழக்கப்படி கிராஃப், அட்டை எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். எங்கள் வீட்டுக்கு வரும் மருமகளின் கூறைப் புடவை டிசைன் இன்னொருத்தி உடம்பில் ஏறக்கூடாது. என் தாத்தா காலத்திலிருந்து இது மாறியதில்லை. புடவையை அம்மன் சன்னதியில் வைத்து எடுத்தபோது குருக்கள் முதல் குங்குமத்தை அந்தக் கலசத்துக்குத்தான் வைத்தார். “யாளி அம்சமா இருக்குதுன்னு எங்க ஊரே சொல்லுது அண்ணே” என்று தங்கச்சி மங்கையர்க்கரசி போனில் சொன்ன அன்று நான் தரையில் நடக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு இளவரசன் வந்தான். நேராக அறைக்குள் போனான். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“அப்பா, பீரோ மேல ஒரு காக்கி கவர் வச்சிருந்தேனே, பாத்தீங்களா?”

“பாத்தேன்பா. நெய்ஞ்சி தென்னேரிக்கே அனுப்பிட்டேன்.”

“எத நெய்ஞ்சீங்க?”

“ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறான் பாரு” என்று சிரித்தபடி, ஸ்டுடியோவில் எடுத்து வைத்திருந்த புடவைப் போட்டோவைக் கையில் கொடுத்தேன். பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சந்தோஷத்தில் உட்கார்ந்தான் என்று நினைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாவி நான்.

“அப்பா, இது ஒரு கேம்பா. வெளியவே வராத கேமு. இது யாளி இல்ல, கடைசியில வர்ற அரக்கன்.”

“யாளியும் அப்படித்தான்டா இருக்கும். துதிக்கை இருக்குது பாரு.”

“அது துதிக்கை இல்லப்பா, பீரங்கி.”

“அப்ப கலசம்?” என்றேன்.

“வெடிகுண்டு. மேல இருக்கறது தேங்கா இல்ல, திரி.”

“அன்னம்? அன்னமாவது அன்னம்தானாடா?”

“அது ஹீரோ. செத்துட்டா ரெக்க மொளச்சி மேல போவான்.”

மிச்சம் இருந்தது மல்லி மொக்கு. தில்லையம்மாள்தான் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “மண்டை ஓடும்மா” என்றான். அவள் சொம்பைக் கீழே போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. சம்பந்தி, மங்கலமாக அட்சதை போட வேண்டிய இடத்தில், உங்கள் குலக்கொடியின் உடம்பு முழுக்க, என் கையால், ஜரிகையில், மண்டை ஓடு! எத்தனை என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. குருக்கள் வெடிகுண்டுக்குக் குங்குமம் வைத்ததை நினைத்து இன்னும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

இத்தோடு போயிருந்தால் புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புதிதாக ஒன்று நெய்து கொடுத்து, மானம் போனது போகட்டும் என்று இருந்திருப்பேன். “சரிடா, கேமுதான? அந்த கேசட்டு உன்கிட்டதான இருக்குது?” என்று கேட்டேன். அதற்குத்தான் அவன் அழுதான். பத்தாங்கிளாஸில் கணக்கில் பெயிலாகிப் போனபோதுகூட அழாத பயல், சம்பந்தி, இவன். பாச்சா என்று ஒரு இன்ஜினியராம், நம்ம சின்னக் காஞ்சிபுரத்துக்காரர்தான். மெட்ராஸில் ஒரு சின்னக் கம்பெனியில் தனியாளாக இந்த கேமைச் செய்தாராம். கடைக்கு வருவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். மாதிரிக்குப் போட்ட ஒரே கேசட்டைத்தான் மனுஷர் வீட்டில் வைத்திருந்தார். அவரும் காலமாகிவிட்டார். வீட்டைக் காலி பண்ணும்போது அவர் சம்சாரம் அந்தக் கேசட்டையும் கிராஃப் கட்டையும் இவனைத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். கேசட்டுக்குள் இருந்த சிப்பு எப்போதோ செத்துப்போயிருந்தது, செருகினால் டிவியில் புள்ளிதான் ஓடுகிறதாம். ஆனால் கிராஃப் இருந்தது. அதைப் பார்த்து முழு கேமையும் திரும்பச் செய்துவிடலாம் என்று இருந்தான். அந்த கிராஃபில்தான், சம்பந்தி, நான் வெந்நீர் வைத்துக் குளித்தேன்.

நானும் கட்டம் போட்டுக் கண் கெட்டவன். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு போய்விடும் என்று விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன். யாரோ ஒரு மனுஷர் அதே மாதிரி உட்கார்ந்து வைத்த புள்ளிகளை நான் சாம்பலாக்கிவிட்டேன் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இப்போது அந்த மனுஷருடைய வேலை இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. போட்டோவில் இழை தெரியவில்லை, புடவையை விரித்துப் போட்டு எண்ணினால்தான் ஆகும் என்கிறான். கதவு இருக்கும் ரவிக்கைத் துணி போனால் கேமுக்கு முடிவே இல்லையாம். கருப்பைப் பச்சையாக்கியதைச் சொன்னேன். “குகையெல்லாம் தோட்டமாயிடுச்சாப்பா?” என்று கேட்டுவிட்டு மறுபடி அழுதான்.

ஆகவே தயவுசெய்து நம்பிக்கையான ஆள் மூலம் அந்தப் புடவையைத் திருப்பி அனுப்பவும். முகூர்த்தத்துக்குள் மயில், மாங்காய் போட்டு, மண்டை ஓடு ஒன்றுகூட இல்லாமல் வேறு புடவை நெய்து நானே கொண்டுவந்து தருகிறேன். ஏன் மாற்றினீர்கள் என்று உங்கள் ஊரில் கேட்டால் சாயம் சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். என் தறியில் சாயம் போகும் என்று ஊர் பேசினாலும் பொறுத்துக்கொள்கிறேன், வெடிகுண்டு என்று பேசினால் பொறுக்க மாட்டேன். இதை மனதில் வைத்துக்கொண்டு சம்பந்தத்தையே வேண்டாமென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பையன் தங்கம். தப்பு என் கண்ணுடையது.

தங்கச்சிக்கு என் வணக்கம். குழலிக்குப் பூவும் பொட்டும் குறையாமல், மஞ்சள் குங்குமம் மங்காமல் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். உங்கள் வயலில் போட்டது பொன்னாக விளையட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத,
பி. முருகேசன்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து, கடைசித் தாளின் முதுகில் எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பயல் டெலிபோன் பூத்துக்குப் போய் உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இப்போதுதான் குழலி எங்கள் எதிர்வீட்டுக்குப் போன் பண்ணி என்னைக் கூப்பிட்டாள். ஓடிப்போய் ரிசீவரை வாங்கினேன். “மொத நாளே தெரியும் மாமா, அன்னத்துக்கு எங்கயாவது பேன்ட்டு போடுவாங்களா? காஞ்சிபுரத்துல இது புது வழக்கம்போலன்னு நெனச்சி கம்முனு இருந்துட்டேன்” என்கிறாள். கட்டிலில் விரித்துப் போட்டு, பார்டரில் அந்த ஆள் எங்கே ஏறுகிறான், எங்கே சாகிறான் என்று கடைசி வரைக்கும் விரலாலேயே விளையாடிவிட்டாளாம். அரக்கன் வரதராஜப் பெருமாள் கோயில் தூணில் இருக்கும் அதே யாளிதானாம், காலேஜ் படிக்கும்போது பார்த்திருக்கிறாளாம், பீரங்கியை மட்டும் பாச்சா சார் சொந்தமாகச் சேர்த்திருக்கிறார் என்கிறாள். ஆக, என் கண் அவ்வளவு மோசமில்லை. வெடிகுண்டு மட்டும் வெடிகுண்டுதானாம். ரவிக்கைத் துணியை அவள் வெட்ட விடவில்லை, கதவு பத்திரம். “புடவையை அனுப்பிடும்மா, வேற நெய்ஞ்சி தர்றேன்” என்று கெஞ்சினேன். “புடவை திரும்பி வரும் மாமா, ஆனா தனியா வராது. முகூர்த்தத்தன்னிக்கு நான் கட்டிக்கினுதான் வருவேன். அப்புறம் நானும் அவரும் ஒக்காந்து எண்ணிக்கிறோம்” என்று சொல்லி வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற தில்லையம்மாள், தனக்கும் செங்கல் போட்டு ஒன்று வேண்டும் என்கிறாள். ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: தாலி கட்டும் நேரத்தில் யாராவது கிழவி கிட்டே வந்து பார்டரைத் தடவிப் பார்த்து இது என்ன என்று கேட்டால், நான் கலசம் என்று சொல்வேன். தாங்களும் கலசம் என்றே சொல்லவும்.