பன்னிரண்டு காட்டும் கருவி

"நம் நகரின் காற்று இன்றும் மிகவும் சுத்... லொக்! லொக்!"

காற்றுத்தர அலுவலகத்தின் அறிவிப்பாளர் அவசரமாக மைக்கை அணைத்தார். மூன்று நாளாக இதே கூத்து. கண் எரிந்து நீர் வழிந்தது. நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது.

இயக்குநர் எகிறினார். "நாளைக்கு 'தூய காற்று நகரம்' விருது! மேடையில நீங்கதான் வாசிக்கணும். ஒரு தடவை இருமினாலும் உங்களை நிரந்தரமாக்குற ஃபைல்ல கையெழுத்து போட மாட்டேன்!"

ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியராகவே தேய்ந்த மனிதர். டாக்டரிடம் ஓடினார்.

"புகையில நின்னாதான் இப்படி வரும்" என்றார் டாக்டர். "ஆனா காத்து சுத்தம்னு நீங்கதானே தினமும் ரேடியோவுல சொல்றீங்க? அப்ப இது வெறும் பயம். வெளியில நின்னு நல்லா மூச்சு இழுத்து விடுங்க."

நாற்சந்தியில் நின்று இழுத்தார். நாலாவது மூச்சில் ஒரு லாரி வந்தது. வீடு வந்து சேர்ந்தபோது பாதிக் குரலைக் காணோம்.

ஜன்னல்களைத் திறக்கப் போனவரை மனைவி தடுத்தாள். "வேண்டாங்க. காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாம்பல் கலராத் திரும்பி வருது!"

"எங்க ஆபீஸ் மாடியில இருக்கிற காத்து அளக்கிற கருவி வருஷம் பூரா பன்னிரண்டுதான் காட்டுது. எண் குறைஞ்சா காத்து சுத்தம்னு அர்த்தம்."

"அப்ப உங்க கருவியையே வந்து துணி துவைக்கச் சொல்லுங்க!"

அவர் கேட்காமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். விடியும்போது மனைவியும் சேர்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

அலுவலக வாசலில் மேடை. அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் "லொக்!" இயக்குநர் தாளைப் பிடுங்கி, "நம் நகரின் காற்று..." என்று தொடங்கி, அவரும் "லொக்!" விருது கொடுக்க வந்தவர் கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு இருமினார். கூட்டமே பின்பாட்டுப் பாடியது.

"சார், கருவியில ஏதோ கோளாறு" என்று அறிவிப்பாளர் கிசுகிசுத்தார். அதற்கு மேல் குரல் வரவில்லை.

"கருவியையா குறை சொல்றீங்க?" இயக்குநருக்கு மூக்கு சிவந்தது. "அதைக் கொண்டுவரச் சொல்றேன். கோளாறு இருந்தா இங்கேயே உங்க ஃபைல்ல கையெழுத்து. இல்லேன்னா இன்னையோட உங்களுக்கு வேலை இல்லை!"

மாடிச் சாவி காவலாளியிடம் இருந்தது. அவர் போய், எப்போதோ நாலு சுற்று பாலிதீன் உறை போட்டு, வாயை இறுக்கிக் கட்டிய ஒரு பொட்டலத்தைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்தி வந்தார். உறைக்குள் பன்னிரண்டு பளிச்சென்று தெரிந்தது.

"என்னய்யா இது?" என்று அலறினார் இயக்குநர்.

காவலாளி பெருமையாக நிமிர்ந்தார். "வாங்கின அன்னைக்கு 'இதுமேல ஒரு துளி தூசி படக் கூடாது'ன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இன்னைய வரைக்கும் பட விடலையே!"