முப்பத்து மூவாயிரம் வோல்ட்டில் ஒரு பொன்னாடை

ஒரு காட்டில் கரண்ட் இருந்தது. கரண்ட் இருந்ததால் மின் அலுவலகமும், அலுவலகம் இருந்ததால் உதவிப் பொறியாளராக ஒரு நரியும் இருந்தன. வேலையும் கொஞ்சம் இருந்ததால் லைன்மேனாக ஒரு குரங்கு இருந்தது. பெயர் மாசிலாமணி.

ஓடைக்கரை இரும்புக் கம்பத்தில் ஒரு கொடி ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஓடுவது முப்பத்து மூவாயிரம் வோல்ட். கம்பியைத் தொட இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. தொட்டால் கீழே தண்ணீர் குடிக்கும் மான்களின் கதி அதோகதி. வெட்ட மாசிலாமணி தயார். ஆனால் வேலை முடியும்வரை லைனை நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு ‘லைன் கிளியர்’ என்று பெயர். மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுத்து நாலு மாதம் ஆகிவிட்டது.

“லைனை நிறுத்தினா சிங்கத்தோட குகையில ஏசி நின்னுடும்யா. ஆலோசகரைக் கேட்போம்,” என்றது நரி.

பாதுகாப்பு ஆலோசகர் ஒரு காகம். பத்து வருடமாக அதே கம்பியில் உட்கார்ந்தும் உயிரோடு இருப்பதுதான் அதன் படிப்பு, பட்டம் எல்லாம்.

“கரண்ட்டெல்லாம் மனசு சம்பந்தப்பட்டதுப்பா. பயந்தவனைத்தான் அடிக்கும். நான் டெய்லி உட்கார்றேன், என்னை என்ன பண்ணுச்சு?” என்றது காகம்.

“ஐயா, நீங்க ஒத்தைக் கம்பியில உட்கார்றீங்க, வேற எதையும் தொடலை. கரண்ட்டுக்கு உங்க வழியா போறதுக்கு இடமில்லை. நான் இரும்புக் கம்பத்தைப் பிடிச்சிருப்பேன். என் உடம்பு வழியாவே தரைக்கு இறங்கிடும். இந்த வோல்ட்டேஜ் தொடக்கூட வேணாம், பக்கத்துல போனாலே தாவும். வீட்டுல ரெண்டு குட்டிங்க இருக்கு.”

“தியரி பேசாதே!” என்று நரி அதட்டியது. “வெள்ளிக்கிழமை பாதுகாப்பு வார விழா. ஆலோசகர் லைன் மேலயே உட்கார்ந்து பேசுவார். அவர் முடிச்சதும் நீ ஏறுறே. இல்லைன்னா சஸ்பெண்ட்.”



வெள்ளிக்கிழமை கூட்டமான கூட்டம். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தாமல் அந்தக் காட்டில் எந்த விழாவும் நடந்ததில்லை. உடம்பெல்லாம் ஜரிகை ஓடும் பொன்னாடை ஒன்றைக் காகத்தின் கழுத்தில் சுற்றி, நழுவாமல் ஊக்கும் குத்திவிட்டது நரி.

“சார், கழட்டச் சொல்லுங்க! ஜரிகையும் உலோகக் கம்பிதான். தொங்குது, கீழே இருக்கிற இரும்புச் சட்டத்துல பட்டுடும்!” என்று கத்தியது மாசிலாமணி.

“வயித்தெரிச்சல் பிடிச்சவன்,” என்றது காகம். தள்ளாடிப் பறந்து போய்க் கம்பியில் உட்கார்ந்தது. “அன்பார்ந்த காட்டுவாசிகளே! கரண்ட் என்பது...”

ஜரிகை சட்டத்தைத் தொட்டது.

பெரிய சத்தம். உரை அத்துடன் நிறைவுற்றது. லைனும் தானாக நின்றது.

கூட்டம் தலைதெறிக்க ஓடியது. மாசிலாமணி மட்டும் துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டு சுவிட்சைப் பூட்டச் சொன்னது. லைனைத் தரையோடு இணைத்து எர்த் செய்தது. கம்பத்தில் ஏறிக் கால் மணி நேரத்தில் கொடியை வெட்டி இறங்கியது. இறங்கியபின் காகத்துக்காக நிஜமாகவே கொஞ்சம் அழுதது.

இரங்கல் கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததற்கு மாசிலாமணிக்கு மெமோ கிடைத்தது. காலியான ஆலோசகர் பதவியை நரியே கூடுதல் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது.

அடுத்த மாதம் மலையடிவாரக் கம்பத்திலும் ஒரு கொடி ஏறியது. இந்த முறை மாசிலாமணி விண்ணப்பப் படிவம் கேட்டு அலுவலகம் போகவில்லை. நேராக ஜவுளிக்கடைக்குப் போனது.

நீதி: லைன் கிளியர் வேண்டுவோர் மனு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். மேலதிகாரியைக் கௌரவியுங்கள், ஜரிகை மட்டும் அசலாக இருக்கட்டும்.