பின்சீட்டில் ஒரு சாம்பிள்

கடவுளே நேரில் வந்து நின்று என்ன வரம் வேண்டும் என்று கேட்டாலும், "மொதல்ல ஒரு சாம்பிள் காட்டுங்க, பொறவு பாப்போம்" என்று சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர்தான் எங்கள் சாம்பிள் சார்.

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூல் மில்லில் அவர் தரப் பரிசோதனை அதிகாரி. நூலில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று துப்புத் துலக்குவதுதான் உத்தியோகம். குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளமும் கொடுத்தால் மனுஷன் என்ன ஆவான்? மில் கேட்டைத் தாண்டிய பிறகும் அந்தக் கண் ஓயாது. திராட்சை வாங்கப் போனால் குலைக்கு ஒன்று தின்று பார்ப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை ஒன்று விடாமல் உள்ளங்கையை நீட்டிவிட்டு, எதுவும் சரியில்லை என்று வெறுங்கையோடு திரும்புவார். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதுகூட, இது போன வருஷத்துச் சரக்குதானே என்கிற முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்.

இப்பேர்ப்பட்டவர் காருக்கு சஸ்பென்ஷன் மாற்றக் கிளம்பினால் ஊர் தாங்குமா? ஊர் எப்படியோ தாங்கிவிட்டது. நான்தான் தாங்கவில்லை.

விஷயம் என்னவோ விளையாட்டில்லை. அவர் மனைவி எஸ்தர் டீச்சருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. முதுகில் டிஸ்க் விலகி, மாதக்கணக்கில் படுத்து எழுந்தவர். பஸ் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாரின் பழைய காரோ, அந்த பஸ்ஸே தேவலை என்கிற ரகம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு வாரம் காரில் போய்ப் பார்ப்பேன், முடியவில்லை என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவேன் என்று டீச்சர் முடிவு சொல்லியிருந்தார்.

"பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலைன்னா அவ பாதி ஆளாயிருவா, தம்பி" என்றார் சார். அவர் எதையும் சந்தேகப்படாமல் சொல்லி நான் கேட்ட முதல் வாக்கியம் அது. அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

டீச்சரையே வைத்துப் பரிசோதனை செய்ய முடியாது; வலி. மில்லில் ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்து, டீச்சர் எடைக்குப் பக்கத்தில் வருகிற ஆள் நான்தான் என்று அவராகவே தீர்மானித்தார். கோடை விடுமுறை முழுக்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்தக் காரின் பின்சீட்டுக்கு நான் சாம்பிள் ஆனேன்.

தென்காசி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் சுப்புராஜ்தான் மெக்கானிக். எஸ்தர் டீச்சரிடம் படித்தவன், அதனால் பொறுமைசாலி. "சார், மெத்துனு இருந்தா மட்டும் பத்தாது. பள்ளத்துல அமுங்குன ஸ்பிரிங்கு எந்திரிச்சு ஆட்டம் போடும்லா? அதைப் புடிச்சு உக்கார வைக்கிறதுதான் ஷாக் அப்சார்பர். ரெண்டுக்கும் ஜோடிப் பொருத்தம் இருக்கணும்" என்றான். அதோடு, இணைப்புகளில் இரும்போடு இரும்பு உரசாமல் வைக்கிற ரப்பர் புஷ்கள் இத்துப்போய்விட்டன, அவற்றையும் மாற்றிவிடலாம் என்று ஒரு வார்த்தை சேர்த்தான்.

அந்த ஒரு வார்த்தை போதும். சார் என்னைத் தனியே இழுத்துப் போனார். ரப்பரை மாற்றச் சொல்கிறான் என்றால் இவன் மச்சானுக்கு ரப்பர் கடை இருக்கவேண்டும் என்றார். விசாரித்துப் பார்த்ததில் மச்சான் வைத்திருப்பது கோழிக்கடை. "கோழிக்கடைக்காரனுக்கு எதுக்குத் தம்பி ரப்பர்?" என்று அதற்கும் ஒரு யோசனை.

சுப்புராஜ் வீட்டில் தெலுங்கு. ஒருநாள் போனை எடுத்து டீக்கடைக்கு ஏதோ தெலுங்கில் சொன்னான். சார் காதைத் தீட்டிக்கொண்டார். எங்கள் வீட்டிலும் தெலுங்கு என்பதால் என் விலாவில் இடித்து, அவன் என்ன பேசினான் என்றார்.

"உங்களுக்குச் சக்கரை இல்லாம ஒரு டீ அனுப்பச் சொல்லுதான், சார்."

சார் முகம் மாறிவிட்டது. "எனக்குச் சுகர் இருக்குன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

அன்று முழுக்க வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. தன் வியாதியை ஊருக்குள் கசியவிட்டது யார் என்கிற விசாரணைதான் நடந்தது. டீ மட்டும் ஆறுவதற்கு முன்னால் உள்ளே போய்விட்டது.

முதலில் மாட்டியது ஒரு மெத்தை ரகம். பள்ளம் மேடு தெரியவில்லை, உண்மைதான். ஆனால் தளவாய்புரம் போகிற வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாய, நான் கதவைப் பிடித்து, சீட்டைப் பிடித்து, கடைசியில் சாரின் கழுத்தைப் பிடித்தேன். அந்தச் சாய்வைத் தாங்க இடுப்பை இறுக்கியே எனக்கு வலி வந்துவிட்டது. அடுத்தது பந்தயக்காரர்கள் போடுகிற விறைப்பு ரகம். வளைவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஆனால் சாலையில் ஒரு புளியங்கொட்டை கிடந்தாலும் என் முதுகெலும்பு அதை எண்ணிச் சொல்லும். மூன்றாவது, இரண்டுக்கும் நடுவாந்தரமானது. ஒரு திருகு வைத்து இறுக்கவும் தளர்த்தவும் செய்யலாம்.

இதுதான் சரியானது என்று நான் சொன்னதும் சாருக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சுப்புராஜ் எனக்கு வடை வாங்கிக் கொடுத்ததை அவர் பார்த்திருக்கிறார். சாம்பிளுக்கு விஷயம் தெரிந்திருந்தால் முடிவு கெட்டுப்போகும் என்று மில் விதியைச் சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கண்ணைக் கட்டிவிட்டார். பேண்டேஜ் துணி நெய்கிற எங்கள் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? நெற்றி முதல் மூக்கு வரை சுற்றிவிட்டார். திருகை எந்த அளவில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு குலுங்கலுக்கும் நான் சத்தமாக மதிப்பெண் சொல்லிக்கொண்டு வரவேண்டும்.

மம்சாபுரம் விலக்கில் போலீஸ் நிறுத்தியது. பின்சீட்டில் முகத்தைக் கட்டிய ஒருத்தன், அவன் வாயில் "நாலு... ரெண்டு... அய்யோ, சைபர்" என்று முனகல். யார் அது என்று ஏட்டையா கேட்டார். "சாம்பிள்" என்றார் சார், நிதானமாக. எதுக்கு சாம்பிள் என்று அவர் கேட்க, "எம் பொண்டாட்டிக்கு" என்றார் இவர். வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். டீச்சர் போனில் வந்து, அது தன் வீட்டுக்காரர்தான், கட்டுப் போட்ட தம்பிக்கு ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்த பிறகே எங்களை விட்டார்கள். வரும் வழியெல்லாம் சார், அந்த ஏட்டு நிஜ ஏட்டுதானா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஒருவழியாக மூன்றாவது ஜோடியே நிலைத்தது. ரப்பர் புஷ்ஷும் மாற்றினோம். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் டீச்சரை முதன்முதலாகப் பின்சீட்டில் உட்காரவைத்தோம், நான் முன்னால்.

கொஞ்ச தூரம் போனதும் டீச்சர் நல்லா இருக்கு என்றார். சார் நம்பவில்லை. முப்பது வருஷமாகத் தன் உப்புமாவையும் அவள் நல்லா இருக்கு என்றுதான் சொல்கிறாள் என்று என் காதில் கிசுகிசுத்தார். அதன் பிறகு ரோட்டைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணாடி வழியாக டீச்சர் முகத்தைப் பார்ப்பார். வலியை மறைக்கிறாளோ என்று துப்புத் துலக்குவார். எதிரில் ஏதாவது வந்ததும் பதறி பிரேக்கை மிதிப்பார். வழியில் ஓர் ஆட்டுமந்தை. அவர் மிதித்த மிதியில் டீச்சர் அம்மா என்று முன்னால் சாய்ந்துவிட்டார்.

வண்டி நின்றது. சார் முகத்தில் ரத்தமே இல்லை. "பாத்தியா தம்பி. வலிக்கு. எல்லாம் வீணாப் போச்சு."

டீச்சர் முதுகைப் பிடித்தபடி மெல்ல நிமிர்ந்தார். "ஸ்பிரிங்குல கொறை இல்லங்க. பள்ளம் ஒண்ணும் செய்யல. நீங்க எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஓட்டுதீக பாருங்க, அதுதான் வலிக்கு."

டீச்சர் நகர்ந்து, அவர் கண்ணாடிக்கு அகப்படாதபடி, அவர் சீட்டுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். "இனிமே ரோட்டப் பாருங்க" என்றார். திரும்பும் வழியில் ஒரு குலுங்கல் இல்லை. என்றாலும் சாருக்குத் திருப்தி இல்லை. முகம் பார்க்காமல் எப்படித் தீர்ப்பு எழுதுவது?

மறுநாள் காலை மில்லில் இருந்த எனக்கு போன் வந்தது. சார் பரம ரகசியமாகப் பேசினார்.

"பள்ளிக்கூட வாசல்ல நிக்கேன், தம்பி. திரும்பிப் பாத்தா டீச்சர் தூங்குதா."

படுத்தால்கூடத் தூக்கம் வராமல் மாதக்கணக்கில் கிடந்தவர் அவர். ரொம்ப சந்தோஷம் சார், எழுப்புங்கள், மணி அடித்துவிடப் போகிறது என்றேன்.

"நிசமாத் தூங்குதாளா, எம் மனசு நோகக்கூடாதுன்னு நடிக்காளா?"

ஒரே ஒரு சாம்பிளை வைத்து முடிவு பண்ணக்கூடாது, இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி அவரே போனை வைத்துவிட்டார். பள்ளிக்கூட வாசலில் இருந்து வண்டியைத் திருப்பி, ஆண்டாள் கோயில் ரத வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறார். டீச்சர் தன் சர்வீஸில் முதன்முறையாகத் தாமதமாகக் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் வேலையை விடவில்லை. இன்றைக்கும் அந்தக் காரில்தான் போய் வருகிறார். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சார் காபி போட உள்ளே போன நேரம் பார்த்து, அந்த முதல் நாள் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன்.

டீச்சர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பள்ளிக்கூடம் வரைக்கும் நிசமாத்தான் தூங்குனேன். அவுக போன் பேசுறப்பவே முழிச்சிட்டேன். பொறவு ரத வீதியில அவுக தேர் இழுக்குற மாதிரி அம்புட்டு மெதுவா ஓட்டிட்டுப் போறாக. கண்ணைத் தொறக்க மனசு வரல, தம்பி."

இதை இன்றுவரை நான் சாரிடம் சொல்லவில்லை. இப்போது அச்சில் வந்துவிட்டது, படித்துவிடுவார். படித்தாலும் நம்பமாட்டார், டீச்சர் முகத்தைத்தான் இன்னொரு தடவை உற்றுப் பார்ப்பார்.