பதினாறாம் நம்பரை நிறுத்தாமல் இருக்க

பஸ் நன்றாக ஓடுவதால்தான் அதைக் குறைக்கப் போகிறார்கள் என்பது புரிய, நகராட்சித் தலைமை எழுத்தர் மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தை மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது.

திட்டம் அவருடையதுதான். கடைத்தெருவில் கார் நிறுத்துகிறவர்களிடம் கட்டணம் வாங்குவது. அந்தப் பணத்தில் பதினாறாம் நம்பர் பஸ்ஸைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக விடுவது. நகராட்சி ஒத்துக்கொண்டது. பஸ்ஸும் வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும்போது காரோடு எவன் அல்லாடுவான்? ஜனங்கள் பஸ்ஸில் ஏறினார்கள். கார்கள் குறைந்தன. கட்டணமும் குறைந்தது. இப்போது பஸ் விடப் பணமில்லை.

"உங்க திட்டம் ரொம்ப நல்ல திட்டம். அதான் பிரச்சினையே," என்றார் மேலதிகாரி. "மாசக் கடைசிக்குள்ள கார் நிறுத்தற இடம் நிறையலேன்னா, பழையபடி மணிக்கு ஒரு பஸ்தான்."

தலைமை எழுத்தருக்கு அக்காவின் முகம்தான் கண்முன் வந்தது. அக்கா ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தாள். கடைத்தெருவில் ஒரு சின்னத் தையல் கடை. பதினாறாம் நம்பர் மணிக்கு ஒன்றாக ஓடிய காலத்தில் தினமும் இவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். தினமும் கால் மணி நேரம் தாமதம், தினமும் சண்டை. பத்து நிமிடப் பஸ் வந்த முதல் நாள், "இனிமே உன்னை நம்பி நான் வாசல்ல நிக்க வேண்டாம்டா!" என்று சிரித்துக்கொண்டே அக்கா ஏறியதை அவர் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக அவருக்கும் வேலையில்லாமல் போயிற்று. போனில் பேசுவதோடு சரி.

அன்று மாலையும் அக்கா பேசினாள்.

"பஸ் நல்லா ஓடுதாடா?"

"ஓடுதுக்கா. அதுதான்..." சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டார். "நல்லா ஓடுது."

போனை வைத்த கையோடு மைத்துனனைக் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து காரை எடு. கடைத்தெருவுல கொண்டுபோய் நிறுத்து."

"மாமா, காரை விட்டுட்டு பஸ்ல போன்னு என் உயிரை எடுத்தது நீங்கதானே?"

"அது போன வருஷம்."

"சரி, நிறுத்திட்டு என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். நிறுத்தறதுதான் வேலை."

மைத்துனனோடு விடவில்லை. ஆபீஸில் கார் வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினார். அவர்கள் தங்கள் சொந்தக்காரர்களிடம் சொன்னார்கள். ஒரே வாரத்தில் கடைத்தெரு நிறைந்தது. இடம் கிடைக்காத கார்கள் இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தன. அவற்றுக்கு நடுவே பதினாறாம் நம்பர் மாட்டிக்கொண்டது. நடந்து போகிறவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். பத்து நிமிடப் பஸ் நாற்பது நிமிடப் பஸ் ஆயிற்று. "இதுக்கு நம்ம காரையே எடுத்துடலாம்" என்று, பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர்களும் காரை எடுத்தார்கள்.

மேலதிகாரி மறுபடி கூப்பிட்டார். "கட்டணம் கொட்டுது. ஆனா பஸ்ல ஆளையே காணோமே! காலி பஸ்ஸுக்கு எதுக்கய்யா பணம்? வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை மைத்துனனுக்குப் போன் போயிற்று.

"காரை நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன் மாமா."

"நல்லது. இப்ப பஸ்ல ஏறு."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் வேண்டாம். ஒரு சுத்து சுத்திட்டு கார்கிட்டயே இறங்கிக்கோ."

"மாமா, நீங்க லீவு போட்டு ரெண்டு நாள் நல்லாத் தூங்குங்களேன்."

ஆனாலும் ஏறினான். காரை நிறுத்தியிருந்த மற்றவர்களும் ஏறினார்கள். தலைமை எழுத்தரும் ஏறிக்கொண்டார். மேலதிகாரி படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்தார். அடுத்த நிறுத்தத்தில், காலில் கட்டுப் போட்ட ஒருவர் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு நின்றார். பஸ்ஸில் இடமில்லை. அவரை விட்டுவிட்டுப் பஸ் நகர்ந்தது. எங்கும் போக வேண்டாதவர்களை அடைத்துக்கொண்டு, போகவேண்டிய ஒரு மனுஷனைத் தெருவில் விட்டுவிட்டோமே என்று தலைமை எழுத்தருக்குச் சுருக்கென்றது.

"பிரமாதம்! ஆளும் இருக்கு, பணமும் இருக்கு. பஸ் ஓடட்டும்," என்று சொல்லிவிட்டு, நசுங்கிய சட்டையோடு மேலதிகாரி இறங்கிப் போனார்.

கடைத்தெருவில் எல்லோரும் இறங்கித் தங்கள் தங்கள் கார்களில் ஏறிக் கிளம்பினார்கள். தலைமை எழுத்தர் மட்டும் காலி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். ஜெயித்த மாதிரியே இல்லை. பெண் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன சார், அத்தனை பேரும் ஏறின இடத்துலயே இறங்கறாங்க?"

"எல்லாம் நான் ஏத்திவிட்ட ஆளுங்கம்மா. திங்கட்கிழமை மேலதிகாரிகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க அக்கா தினமும் இந்த பஸ்லதான் தையல் கடைக்கு வரா. பஸ் குறைஞ்சா அவ பாவம் என்ன பண்ணுவான்னுதான் இத்தனையும் பண்ணேன்."

கண்டக்டர் அவரை உற்றுப் பார்த்தாள்.

"அந்தத் தையல்கார அம்மாவோட தம்பி நீங்கதானா! அவங்க கடையை வீட்டுக்கே மாத்தி ஆறு மாசமாச்சே சார். தம்பி போட்ட பஸ் காலியாப் போகக் கூடாதுன்னுதான் தினமும் ஏறி, ஒரு சுத்து சுத்திட்டு, வீட்டு வாசல்லயே இறங்கிக்கறாங்க."