மார்பளவு பார்த்து எடுத்த நாய்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் மருமகளைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை ஆரம்பிக்க வேண்டும் என்பது முறை, அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் நலமாக இருப்பீர்கள். தங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? தாங்கள் அன்போடு கொடுத்தனுப்பிய மேஜர் அவர்களும் இங்கே மிக நலம். எடைகூடக் கூடியிருக்கிறார். என்னடா, நாய்க்குப் போய் 'அவர்' போட்டு எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து வந்தவருக்கு எழுத்தில்கூட மரியாதை குறையக் கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நடந்த எதற்கும் தாங்கள் பொறுப்பில்லை. எங்கள் வீட்டு முன்னறையிலேயே நடக்கும் தையல் கடையில் திருட்டுப் போய், தைக்கக் கொடுத்தவர்களின் துணிக்கெல்லாம் நான் தண்டம் அழுதுகொண்டிருந்தபோது, "காவலுக்கு ஒரு நாய் இருந்தா இதெல்லாம் நடக்குமா சம்பந்தி? நம்ம வீட்ல நாலு நிக்குது, வந்து ஒண்ணைப் பார்த்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்று பெரிய மனதோடு கூப்பிட்டது தாங்கள். வந்து பார்த்து எடுத்தது நான். எனக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அளவு. எனவே கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கையில் எடுத்தேன். அந்த ஒல்லிக் கறுப்பு நாய் டேப்பைக் கண்டதுமே பல்லைக் காட்டி உறுமியது. அளவு கொடுக்க ஒத்துழைக்காத ஆட்களுக்குத் துணி தைத்து நான் பட்ட பாடு கொஞ்சமில்லை, ஆகவே அதை அப்போதே கழித்துவிட்டேன். வெள்ளை நாய் டேப்பைக் கடித்துத் துப்பியது. இன்னொன்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்து குரைத்ததில் எனக்குக் கழுத்தளவே மறந்துவிட்டது. மேஜர் ஒருவர்தான் நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, கைக்குழி அளவுக்காக முன்னங்காலையும் தூக்கிக் கொடுத்தார். மார்பு முப்பத்து நாலு! என் கடைக்கு வரும் ஆண்களில் பாதிப் பேருக்கு அந்த மார்பு கிடையாது. "கோட்டா தைக்கப் போறீங்க சம்பந்தி? உறுமுறதைப் பார்த்து எடுங்க" என்று தாங்கள் சொன்னது உண்மை. நல்ல நாயைக் கொடுக்க மனசு வராமல் சொல்கிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டதும் உண்மை.

மேஜர் வந்து இறங்கிய உடனே, ட்ரையல் பார்க்க வருபவர்கள் உட்காரும் மெத்தை நாற்காலியில் ஏறிப் படுத்தார். நான் "ஏய்" என்று வாயெடுத்தேன். என் மனைவி வாயைப் பொத்தாத குறைதான். "ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? அவங்க வீட்டு நாயை நாம ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கு அவங்க வீட்ல நம்ம பொண்ணை ஒன்பது வார்த்தை சொல்ல மாட்டாங்களா? பொண்ணைக் கொடுத்தவங்க வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கணும்" என்றாள். தாங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் பெற்ற வயிறு கேட்குமா? எங்களுக்கு இருப்பது ஒரே மகள். போன இடத்தில் அவள் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான். அன்றிலிருந்து இந்த வீட்டில் மேஜரை யாரும் ஓர் அதட்டு அதட்டியதில்லை. "மேஜர், கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?" என்று கேட்போம். நகர மாட்டார். "பரவால்ல, பரவால்ல, நீங்க படுங்க" என்போம். வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டு ட்ரையல் பார்க்கிறார்கள். நான் முக்காலிக்கு மாறிவிட்டேன்.

கோபம் எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும் சம்பந்தி? அது என் தலையில் இறங்கியது. ஜாடை பேசுவதில் என் மனைவியை மிஞ்ச ஆளில்லை. மேஜர் பால் கிண்ணத்தைக் கவிழ்த்தால் அவள் என்னைப் பார்த்து, "சில பேருக்கு எத்தனை வயசானாலும் சிந்தாம குடிக்கத் தெரியாது" என்பாள். மேஜர் முன்னறைப் பாயை ஈரம் பண்ணினால், "சில பேர் இருக்கிற இடத்தை நாசம் பண்ணிட்டுத்தான் எந்திரிப்பாங்க" என்பாள், அதையும் என்னைப் பார்த்தே. எல்லாம் மேஜருக்குச் சொல்வதுதான். ஆனால் மேஜருக்கு ஜாடை புரிவதில்லை. கடைக்குப் பட்டன் ஓட்டைகளுக்குக் காஜா எடுக்க வரும் அக்காவுக்கும் அது புரியாமல், அவர் இப்போதெல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார், என் பக்கத்துப் பாயில் உட்காருவதுமில்லை.

குளிப்பாட்டினால் கொஞ்சம் சுறுசுறுப்பு வரும் என்று யாரோ சொன்னார்கள். குளிப்பாட்டினோம். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று ஒரு பழமொழி இருக்கிறது, நம் உறவை முன்னிட்டு அதை முழுதாக எழுதாமல் விடுகிறேன். குளித்தவர் ஈரத்தோடு நேராகப் போய்ப் படுத்தது, பாங்க் மேனேஜருக்காக நான் தைத்து இஸ்திரி போட்டு மேஜையில் விரித்து வைத்திருந்த கறுப்புக் கோட்டின் மேல். பிரஷ் போட்டேன், ஈரத்துணியால் ஒற்றினேன், நானும் என் மனைவியும் ஆளுக்கொரு கை பிடித்துக்கொண்டு முடி முடியாகப் பொறுக்கினோம். அப்படியும் மேனேஜர் அதைப் போட்டுக்கொண்டு ஏதோ மேடையில் ஏறியபோது, விளக்கு வெளிச்சத்தில் முதுகு முழுக்கப் பழுப்பு மினுமினுத்ததாம், இது எந்த ஊர்க் கம்பளி என்று நாலு பேர் கேட்டார்களாம். "நான் கொடுத்தது துணிய்யா, நீர் தைச்சது நாய்த்தோலை" என்று கடையில் வந்து சத்தம் போட்டுவிட்டு, மறுபடி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அவர் வருவாரே என்று நான் ஒவ்வொரு முறை கதவு சத்தம் கேட்கும்போதும் திரைக்குப் பின்னால் போய் நிற்கிறேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். போன வாரம் நான் பட்டன் வாங்க வெளியே போயிருந்த சமயம், பார்க்கக் கண்ணியமான ஆள் ஒருவன் கடைக்குள் வந்திருக்கிறான். மேஜர் எழுந்து நின்று அளவுக்குக் காலைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அவன் தட்டிக் கொடுத்துவிட்டு, தைத்து முடித்து அடுக்கியிருந்த சட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியிருக்கிறான். உள்ளே தண்ணீர் குடித்தபடி எட்டிப் பார்த்து, யாரோ தெரிந்த ஆள் என்று நினைத்த காஜா அக்கா, கட்டு போவதைக் கண்டு கத்திக்கொண்டு வெளியே வந்தபோது, ஓட்டத்தில் ஒரு சட்டை கட்டிலிருந்து நழுவித் தெருவில் விழுந்ததாம். மேஜர் பாய்ந்து போனார். அப்பாடா, ஒன்றாவது மிஞ்சியது என்று அக்கா நினைத்தாராம். மேஜர் அந்தச் சட்டையை மண் படாமல் கவ்விக்கொண்டு ஓடிப்போய், திருடன் கையிலேயே கொடுத்துவிட்டு, தெருமுனை வரைக்கும் வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறார். நான் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். மனைவி மேஜரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "சில பேர் தின்ன சோத்துக்கு விசுவாசமே இல்லாம இருக்காங்க" என்றாள்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இப்படியே போனால் என்னிடம் துணி கொடுக்க ஒருவரும் வர மாட்டார்கள், கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். திருப்பி அனுப்பலாம் என்றால், சம்பந்தி கொடுத்ததைத் திருப்புவதா என்று மனைவி அழுகிறாள். தாங்கள்தான் வழி செய்ய வேண்டும். மேஜரைப் பார்க்காமல் தங்களுக்குத் தூக்கம் வரவில்லை, முழங்கால் வலிகூட அதனால்தான் என்று தாங்களாகவே கேட்டு வாங்கிக்கொள்வது போல இருந்தால் எல்லோருக்கும் மரியாதை. அந்த ஒல்லிக் கறுப்பு நாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்றால், அதன் மார்பளவு எனக்கு வேண்டாம், நாயை மட்டும் கொடுத்தனுப்பவும். இந்தக் கடிதத்தைப் பற்றி எங்கள் மகளிடம் சொல்ல வேண்டாம், அவளை ஒன்றும் நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் இருவரும் குறைவில்லாமல் இருக்க எங்கள் ஆசிகள். தங்களுக்காக நான் தைக்கும் புதுச் சட்டைக்குக் காலர் வைப்பது ஒன்றுதான் பாக்கி.

இப்படிக்கு, தங்கள் அன்பை என்றும் மறவாத சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடவும்.

மேலும் ஒரு பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. என் மனைவி போனில் மகளிடம் எதையோ ஜாடையாகச் சொல்லியிருக்கிறாள், அவள் வளர்த்த பெண்ணுக்கு ஜாடை புரியாமல் இருக்குமா? மேஜரைக் கூட்டிப்போக இருவரும் கிளம்பி வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கையில் சங்கிலியோடு கேட்டைத் திறந்தார். நாற்காலியில் படுத்திருந்த மேஜர் தலையைத் தூக்கினார், சங்கிலியைப் பார்த்தார், அப்புறம் ஒரு குரைப்பு குரைத்தார் பாருங்கள், அந்த முப்பத்து நாலு இஞ்ச் மார்பு எதற்கு என்று இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஒரே பாய்ச்சலில் போய் மாப்பிள்ளையின் பேன்ட்டைக் கவ்விக்கொண்டார். கல்யாணத்துக்கு நான் தைத்துக் கொடுத்த அதே பேன்ட். மாப்பிள்ளை மேலேயே கை வைப்பதா! எனக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை. "டேய் மேஜர்! விடுடா கழுதை! உதை வாங்கப்போற!" என்று கத்திவிட்டேன்.

மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். மேஜர் பேன்ட்டை விட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். வாலை ஆட்டிக்கொண்டே வந்து, நாற்காலிப் பக்கம் திரும்பாமல், மிஷினுக்குக் கீழே என் காலடியில் படுத்துக்கொண்டான்.

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் காரில் சாய்ந்துவிட்டார். "மாமா, எங்க அப்பா காலையில இவனைத் திட்டிட்டுத்தான் பல்லே விளக்குவாரு. இங்க யாருமே திட்டலைன்னதும், விருந்துக்கு வந்திருக்கோம்னு நினைச்சுட்டான் போல. விருந்தாளி எதுக்குக் காவல் காக்கணும்?" என்றார்.

என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. மகளைப் பார்த்து, "உன்னையும் திட்டுவாராடி?" என்று மெல்லக் கேட்டாள்.

"திட்டாம? லைட்டை அணைக்க மறந்துட்டா வீடே அதிரும்மா. நான் மட்டும் சும்மாவா இருக்கேன்? மாமா டிவியை அலற விட்டா நானும் பிடிபிடின்னு பிடிச்சுக்குவேன். அப்புறம் மூச்சு விட மாட்டாரு" என்றாள் எங்கள் பெண்.

சம்பந்தி, தாங்கள் எங்கள் மகளைத் திட்டுகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து என் மனைவிக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது. அழுதுகொண்டே காபி போட்டாள். விருந்தாளியை யாரும் இப்படித் திட்டுவதில்லையே! ஆகவே கறுப்பு நாய் வேண்டாம், மேஜர் இங்கேயே இருக்கட்டும். பேன்ட்டை உடனே தைத்துக் கொடுத்துவிட்டேன். துணிதான் கிழிந்தது, நான் போட்ட இரட்டைத் தையலில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். "அனுப்புங்க, படிச்சுட்டு உங்களையும் நாலு வார்த்தை திட்டட்டும்" என்றாள் மனைவி.

வாசலில் மேஜர் மறுபடியும் குரைக்கிறான். எட்டிப் பார்த்தேன், கையில் கோட்டோடு பாங்க் மேனேஜர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். மேஜரை அதட்ட வேண்டும். இந்த உறையை நன்றாக ஒட்டிவிட்டு, நிதானமாகப் போய் அதட்டுகிறேன்.