வாளி சொன்ன சூடு

கப்பலின் விளிம்புக் கம்பியில் மாட்டியிருந்த ரேடியோமீட்டர், கடலின் சூடு இருபத்தெட்டு டிகிரி என்றது. அதே கடலை வாளியில் அள்ளி அளந்தால் இருபத்தொன்பதரை. கருவியைப் பார்த்துக்கொள்ளும் கருவிக்காரர் இரண்டு எண்களையும் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார்.

தண்ணீரைத் தொடாமல், அது வீசும் வெப்பக் கதிரைப் பார்த்தே சூடு சொல்லும் கருவி அது. பகல் பன்னிரண்டுக்குள் இரண்டு கணக்கும் அரை டிகிரிக்குள் ஒத்துப்போகாவிட்டால், நாளை துறைமுகத்தில் கருவியை இறக்கிவிடுவதாகத் தலைமை விஞ்ஞானி சொல்லியிருந்தார். கூடவே கருவிக்காரரையும்.

வாளி போடுவது சமையல்காரர். அவருடைய கதவுதான் கடலுக்குப் பக்கம். அளவை எதெல்லாம் கெடுக்கும் என்று முதல் நாளே கருவிக்காரர் அவருக்கு ஒரு மணி நேரம் விளக்கியிருந்தார். காற்று பட்டால் வாளித் தண்ணீர் ஆறிவிடும். கடலின் மேல்தோல் உள்ளே இருப்பதைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். மனிதர் வெங்காயம் நறுக்கியபடி தலையாட்டிக் கேட்டார்.

மேல்தோல் கால் டிகிரிக்குத்தான் பதில் சொல்லும். மீதி? கடல் ஒரு மங்கலான கண்ணாடி. குளிர்ந்த வானத்தையும் கொஞ்சம் காட்டும், சாய்ந்து பார்த்தால் அதிகமாகவே காட்டும். கருவியை இன்னும் கீழ்நோக்கித் திருப்பத் தொடங்கும்போதே, முடித்த கையோடு அளக்க வசதியாக, "வாளி போட்டு வைங்கண்ணே" என்று குரல் கொடுத்தார். வேலை முடிய அரை மணி ஆயிற்று. வித்தியாசம் இரண்டு டிகிரி.

கருவியின் கண்ணாடியில் உப்பு படிந்திருக்குமோ? மறுபடி ஒரு வாளிக்குச் சொல்லிவிட்டு, கழற்றித் துடைத்து மாட்டினார். முக்கால் மணி. மூன்று டிகிரி.

கடைசியில், இன்னொரு வாளிக்கும் சொல்லிவிட்டு, சூடு எவ்வளவு என்று முன்பே தெரிந்த கறுப்புப் பெட்டியைக் கருவிக்குக் காட்டிச் சோதித்தார். ஒன்றரை மணி நேரம். கருவி இம்மி பிசகவில்லை. வாளியோடு மட்டும் ஐந்து டிகிரி தகராறு.

சரியாகப் பன்னிரண்டுக்குத் தலைமை விஞ்ஞானி வந்து நின்றார். "என்னப்பா, திருத்தத் திருத்த ஏறிக்கிட்டே போகுது?"

"கருவியில தப்பு இருக்கணும் மேடம். எதுன்னுதான் தெரியல."

"அப்ப கழட்டிடு."

கருவிக்காரர் தலை கவிழ்ந்து கடைசித் திருகாணியையும் கழற்றினார். சமையல்காரர் கதவோரம் வந்து, துண்டு சுற்றிய வாளியைத் தூக்கிக் காட்டினார்.

"அப்ப இனிமே இதை அடுப்போரமா வெச்சிருக்க வேணாமா தம்பி? காத்துல ஆறிடும்னு நீங்க சொன்னதிலிருந்து, ஒரு வாளியைக்கூட நான் ஆற விடல."