வால் நீக்கக் குழு

வானத்தையே திருத்திய அலுவலகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், கண்ணுகளா. மற்றவர்களெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

வானத்தைப் படமெடுத்து ஆராய்வதுதான் அதன் வேலை. அங்கே அகலக்கோண லென்ஸில் எடுத்த படத்தில், நடுவிலிருந்த நட்சத்திரங்கள் குண்டுமணியாய் இருந்தன. மூலையிலிருந்தவை லென்ஸின் கோளாறால் வால் முளைத்து நின்றன. படமெடுத்த பெண்ணுக்கு மருந்து தெரியும்.

"லென்ஸோட திறப்பை ரெண்டு படி சுருக்கினாப் போதும் சார். வால் அடங்கிடும்."

இயக்குநர் அதிர்ந்தார். லென்ஸைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். "ஏம்மா, முழுசாத் திறக்குதுன்னுதானே வாங்கினேன்? மூடி வைக்கவா?"

"அதானே! ஜன்னல் வச்ச வீட்ல யாராவது..." துணை இயக்குநர் உவமையை முடிக்கவில்லை. மேலே ஒரு தலை அசைந்ததே அவருக்குப் போதும்.

ஆகவே லென்ஸை மேசை நடுவில் பட்டுத்துணிமேல் எழுந்தருளச் செய்து, "வால் நீக்கக் குழு" மூன்று மணி நேரம் கூடியது. வால்களைக் கணினியில் ஒவ்வொன்றாக நறுக்குவதென்று ஒருமனதாகத் தீர்மானம்.

அவள் படத்தின் மேல் விரலை வைத்தாள். "சார், மூலையில இது ஒண்ணை மட்டும் விட்டுடுங்க. மத்த வாலெல்லாம் மூலையைப் பார்த்து நீளுது, இது குறுக்கால போகுது. முந்தாநாள் படத்துல இது இந்த இடத்துலயே இல்ல. வால்நட்சத்திரம் சார்! யாரும் இன்னும் சொல்லல. இன்னைக்கே தெரிவிச்சா..."

முதலில் கண்டவர் பெயரைத்தான் அதற்கு வைப்பார்கள். பத்து வருடத் தற்காலிக ஊழியருக்கு நிரந்தரமாய் ஓர் இடம், அதுவும் வானத்தில்! அதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஒண்ணுக்கு விட்டா எல்லாம் வந்து கேக்கும்மா," என்றார் துணை இயக்குநர்.

"அப்ப சுருக்கி இன்னொரு படம் எடுக்கறேன் சார். இதோட வால் மட்டும் நிக்கும், பாருங்க."

"மறுபடியும் சுருக்கறதுலயே வந்து நிக்கறியே!"

நறுக்கினார்கள். அலுவலக அனுமதியில்லாமல் சேதி வெளியே போகக் கூடாதென்பது விதி. அவள் வாயும் அடைபட்டது.

ஐந்தாம் நாள், எங்கோ ஒரு பள்ளி ஆசிரியரின் பெயரைச் சுமந்துகொண்டு அந்த வால்நட்சத்திரம் செய்தித்தாளில் வந்தது. அவளுக்கும் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது: "தாங்கள் இதை ஏன் முன்னரே தெரிவிக்கவில்லை? விளக்கம் தருக."

இயக்குநர் தங்கமான மனிதர். கூப்பிட்டுச் சொன்னார்: "பதில் எழுதறப்ப லென்ஸைக் குறை சொல்லாம எழுதும்மா."

அவளும் சொல் தட்டாதவள். அப்படியே எழுதினாள்:

"லென்ஸில் எந்தக் குறையும் இல்லை ஐயா. அன்று அந்த அறையில் முழுதாகத் திறந்திருந்தது அது ஒன்றுதான்."